தலைக்கு ஒரு சாண் மேலே

ஏரியை மூட வந்த முதல் லாரி மண் தண்ணீரில் விழவில்லை. தையல்கடைக்காரியின் தலைக்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில் நின்றது. அப்போது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணி. அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். லாரியை ஓட்டி வந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

ஆறு வருடங்களுக்கு முன்புவரை அந்த ஏரியில் குப்பைதான் மிதந்தது. அவளும் பக்கத்துத் தெருக்காரர்கள் இருபது பேரும் ஞாயிறுதோறும் இறங்கி அள்ளினார்கள், கரையில் நாணல் நட்டார்கள். முதலில் ஒரு முக்குளிப்பான் வந்தது, பிறகு நீர்க்காகங்கள், பிறகு நாமக்கோழிகள் குடும்பத்தோடு. வந்த பறவைகளையெல்லாம் அவள் சட்டை அளவு குறிக்கும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். நூற்றுப்பதினேழு வகை சேர்ந்திருந்தபோது, அங்கே பஸ் டிப்போ கட்ட உத்தரவு வந்தது. அதில் ‘உபயோகமற்ற நீர்நிலை, பறவைகள் இல்லை’ என்று இருந்தது. நோட்டோடு அலுவலகம் போனாள். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, பறவைக்கு என்னம்மா, இந்த ஏரி இல்லாவிட்டால் இன்னொரு ஏரி என்றார். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு நேராக வந்து தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

தம்பி வண்டியிலிருந்து தலையை நீட்டினான்.

“மேல வாக்கா. என் வேலை போயிடும்.”

“உன் வேலைய நீ பாரு. என் வேலைய நான் பாக்குறேன். கொட்டு.”

மண் சரிந்தால் தானாக ஓடிவிடுவாள் என்று மேற்பார்வையாளர் சொன்னார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு, மண்தொட்டியைச் சாய்க்கும் நெம்புகோலை இழுத்தான். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தபோது மண் நின்றுகொண்டிருந்தது, அக்காவும் நின்றுகொண்டிருந்தாள். அவன் இறங்கி, ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் நடந்துபோய் அவள் பக்கத்தில் நின்றான். ஷூ பாழாகிறதே என்று அவள் திட்டினாள்.

மதியம் இருவரும் கரையேறக் காலெடுத்து வைத்ததும் மண் நாலு விரல் இறங்கியது. யாராவது அடியில் நின்றால்தான் நிற்கும் என்று அப்போதுதான் புரிந்தது. அன்று தம்பி நின்றான். மறுநாள் நர்ஸ், அடுத்த நாள் இஸ்திரிக் கடைக்காரர். பதினோரு வருடமாக முகம் பார்த்துப் பேசாத ஓரகத்திகள் இருவருக்கும் வாராவாரம் ஒரே நாளில் நிற்கும் முறை வந்தது. மூன்றாம் வாரத்தில் பெரியவள், மேலே பறந்தது கொக்கா நாரையா என்று கேட்டாள், சின்னவள் பதில் சொன்னாள். அலுவலகம் இன்னும் பதினோரு லாரி அனுப்பியது. பதினோரு பேர் இறங்கினார்கள். அந்த மண்ணும் நின்றது.

அனுமதியின்றி அந்தரத்தில் மண் வைத்திருப்பது குற்றம், ஏழு நாளில் இறக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. தையல்கடைக்காரி அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்பினாள்: “கொட்டுனது நீங்க. வந்து அள்ளிட்டுப் போங்க.” அள்ள வந்த இயந்திரம் ஒரு பிடி மண்ணைக்கூட அசைக்க முடியாமல் சேற்றில் சாய்ந்தது. அதை இழுத்துக் கரைசேர்த்ததும் தெருக்காரர்கள்தான்.

மூன்றாம் வருடம் பஞ்சுருட்டான் குருவிகள் வந்தன. மண்ணின் பக்கவாட்டில் வளை தோண்டி முட்டையிட்டன. குஞ்சு பொரித்த நாளிலிருந்து அடியில் ஆள் இல்லாவிட்டாலும் மண் இறங்கவில்லை. ஆனாலும் யாரும் முறையை விடவில்லை. பஸ் டிப்போ வேறெங்கோ போனது. தம்பிக்குப் பள்ளிப் பேருந்தில் வேலை கிடைத்தது.

புதிதாக வந்த அதிகாரி கோப்பைப் படித்துவிட்டு நேரில் வந்து, மண்ணை எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டார். குஞ்சுகள் பறக்கட்டும் என்றாள் தையல்கடைக்காரி. அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அந்தக் குஞ்சுகள் பறந்து, அவற்றின் குஞ்சுகளும் பறந்தாயிற்று. வெயில் நேரத்தில் பறவை பார்க்க வருபவர்கள் இப்போது அந்த நிழலில்தான் நிற்கிறார்கள். உயரமானவர்கள் மட்டும் கொஞ்சம் குனிந்துகொள்கிறார்கள்.