தேர்ச்சிப் பென்சில்

ஆண்டர்ஸ் எழுந்தான். காபி போட்டு நின்றபடியே குடித்தான். வாசல் பனியை வாரி ஒதுக்கினான். குப்பைத்தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினான். அமெரிக்காவின் துலூத் நகரில் அந்தப் பகுதிக்குக் குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வரும். அவன் தினமும் தள்ளினான். எதிர்வீட்டுக்காரர்கள் முதலில் சொல்லிப் பார்த்தார்கள். மனைவியைப் பறிகொடுத்தவனிடம் கிழமையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் வாதாடுவது?

இன்று செவ்வாய்தான். பள்ளிக்கூடம் போகிற நாளும்கூட. இரண்டாம் வகுப்புக் குழந்தையோடு உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வைக்கும் தன்னார்வ வேலை. முன்பு அவன் மனைவி பிரிட்டா செய்தது. போன குளிர்காலத்தில் பள்ளிக்குப் போகும் வழியில் அவள் கார் பனிக்கட்டியில் சறுக்கியது. துக்கத்துக்கு வந்தவர்கள் உணவு கொண்டுவந்த பாத்திரங்களை அவன் திருப்பித் தருவதற்குள், ஒருங்கிணைப்பாளர் கேரலின் போன் செய்துவிட்டாள். இடம் காலியாக இருக்கிறதாம்.

இடம் என்றால் துடைப்ப அலமாரிக்கும் கழிப்பறைக்கும் நடுவே இரண்டு குட்டி நாற்காலிகள். மேலே சுவரில் பிரிட்டா சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தின் கீழே அவளுடைய கடைசி வார்த்தைகள்: ‘ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஒரு வாசகர் காத்திருக்கிறார்.’ ஒருங்கிணைப்புக் குழு கூடி, ஏகமனதாக முடிவு செய்த கடைசி வார்த்தைகள். அவள் கிளம்பிய அன்று காலை வீட்டில் இருந்தவன் அவன் ஒருவன்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

திட்டம் எளிமையானது. குழந்தை ஒரு நிமிடம் வாசிக்க வேண்டும். எத்தனை சொல் என்று எண்ணி எழுத வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து இலக்கை எட்டினால் சான்றிதழ், பென்சில். அதோடு கூட உட்காரும் துணையாளரைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதன் பெயர் வெற்றி.

அவனிடம் வாசிக்கும் சிறுமி டெஸ்ஸா இரண்டு வாரம் எட்டிவிட்டாள். இன்று மூன்றாவது.

“த... தவ... தவளை... கு... குள...”

கடிகாரம் கத்தியது.

“அய்யய்யோ, தோத்துட்டேன்” என்றாள், துளி வருத்தமில்லாமல்.

“போன வாரம் திமிங்கலத்தையே முழுங்கினியே?”

“இது கஷ்டமான தவளை, மிஸ்டர் ஆண்டர்ஸ்.” காலை ஆட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். சுவரில் இருந்ததைக் கடகடவென்று வாசித்தாள், அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘வெளியீடு: தன்னார்வ வாசிப்பு ஒருங்கிணைப்புக் குழு’ உட்பட.

“தவளை வரல. ஒருங்கிணைப்புக் குழு மட்டும் வருதா?”

அவள் கால் நின்றது. “பாஸாயிட்டா நீங்க வர மாட்டீங்கல்ல?”

“வேற பிள்ளைக்கிட்ட அனுப்பிடுவாங்க.”

“அப்ப நான் தவளையிலேயே இருந்துக்கறேன்.”

அவன் கையில் பேனா இருந்தது. தோற்ற எண்ணை எழுதினால் போதும். வாரத்தில் அவனிடம் யாராவது கேள்வி கேட்பது இந்த ஒரு நாள்தான்.

“இப்படியே இருந்தா லீவுல சிறப்பு வகுப்புல போட்டுடுவாங்க. எல்லாரும் ஏரியில குதிப்பாங்க. நீ இங்க தவளையோட.”

டெஸ்ஸா யோசித்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். “அவங்க நெஜமாவே அப்படியா சொன்னாங்க?”

“இல்ல.”

“பின்ன?”

“ஒழுங்கா படி. சொல்றேன்.”

“ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

மறுவாய்ப்பு விதியில் இல்லை. கடிகாரத்தை மறுபடி முடுக்கினான். அது கத்துவதற்குள் தவளை குளத்தைக் கடந்து, வீடு கட்டி, அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. அவன் உண்மையான எண்ணை எழுதினான்.

கேரலின் ஓடிவந்தாள். கைதட்டினாள். சான்றிதழ் தந்தாள். வாசிப்பை வாழ்த்தும் வாசகம் அச்சிட்ட பென்சிலும் தந்தாள்; இரண்டு முறை சீவினால் வாசகத்தில் பாதி போய்விடும். இருவரையும் படத்துக்குக் கீழே நிறுத்தி போட்டோ எடுத்தாள்.

“பிரிட்டா மேலேர்ந்து பாத்துட்டிருக்கா, கண்ணு.”

“ஆமா. நீங்கதானே ஒட்டினீங்க” என்றாள் டெஸ்ஸா.

கேரலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வெற்றியைத் தேடிப் போனாள். டெஸ்ஸா போகவில்லை.

“சொல்லுங்க.”

அவன் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“கோட்டு மாட்டிக்கிட்டே சொன்னா. கதவு பாதி தொறந்திருந்துச்சு. ‘குப்பைத்தொட்டிய தெருவுக்குத் தள்ளிடு, ஆண்டர்ஸ். இன்னிக்காவது.’”