பிசகாத கணக்கு

பேராசிரியர் எங்கள் வார்டில் வந்து உட்கார்ந்து மூன்று நாளாகிறது. மடியில் நோட்டு. யார் எந்தக் கட்டிலைத் துடைக்கிறோம், எப்போது ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறோம், எல்லாம் எழுதிக்கொண்டார்.

"ஆளைக் குறைக்கத்தான் வந்திருக்காரு மச்சான்," என்றான் என்னோடு வேலை பார்க்கும் மைத்துனன். "நான் தும்மினதைக்கூட எழுதுறாரு."

எனக்கும் அதே சந்தேகம்தான். எத்தனை நோயாளிகள் வீட்டுக்குப் போவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர் கணக்கை உருவாக்கியவர் அவர். தினம் காலையில் நர்ஸ் மேசைக்கு எதிரே தாள் ஒட்டுவார்கள்: 'இன்று காலியாகும் கட்டில் 9'. சாயங்காலம் பார்த்தால் ஒன்பதுதான் காலியாகியிருக்கும். முதல் வாரம் போக, ஏழு மாதமாகப் பிசகவில்லை. அதை வைத்துப் பேராசிரியருக்குப் பேப்பரில் படம், வெளியூரெல்லாம் கைதட்டல். எல்லா ஆஸ்பத்திரிக்கும் இந்தக் கணக்கைக் கொண்டுபோக ஒரு நிலையம் தொடங்குகிறார்கள். அவரை அதன் தலைவராக்க மறுநாள் குழு கூடுகிறது.

ஏன் பிசகவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். முதல் வாரம் எண்ணிக்கை முன்னே பின்னே போனது. உடனே மேலிடத்திலிருந்து தலைமை நர்ஸுக்குப் போன் வரும்: "ஏன் வித்தியாசம்? விளக்கம் எழுதுங்க." அவரைப் பெரியக்கா என்போம். எழுதி எழுதி அலுத்துப்போய் அவர் சொன்னார்: "தாள்ல இருக்கிற எண்ணிக்கை வந்ததும் பட்டன் அமுக்கறதை நிறுத்திடுங்கப்பா. மிச்சத்தை நாளைக்கு அமுக்கிக்கலாம்."

துடைத்த கட்டிலின் தலைமாட்டில் ஒரு பச்சைப் பட்டன் இருக்கும். அதை அமுக்கினால்தான் கம்ப்யூட்டருக்கு அது காலி. மறுநாள் வீட்டுக்குப் போகிறவர்கள் குறைந்தாலும், முந்தின நாள் அமுக்காமல் ஒளித்த கட்டில் கைகொடுக்கும்.

அன்றும் தாளில் ஒன்பதுதான்; மதியமே ஒன்பதும் முடிந்துவிட்டது. பதினாலாம் கட்டில் புது விரிப்போடு சும்மா கிடந்தது. வெளியே நடையில் இடுப்பு முறிந்த ஒரு அம்மா காலையிலிருந்து ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். கட்டில் இல்லையென்று நான்தான் சொல்லியிருந்தேன்.

பேராசிரியர் என்னைக் குழாயடியில் மடக்கினார்.

"அண்ணே, மழையைச் சொல்றவனே பத்துக்கு மூணு தப்பு பண்றான். நான் மட்டும் எப்படித் தப்பே பண்ணல?"

"நீங்க படிச்சவங்க சார்."

"படிச்சதாலதான் சந்தேகமா இருக்கு."

வாயைப் பிடுங்குகிறார் என்று நினைத்தேன். சொன்னால் பெரியக்கா கதி என்ன, எங்கள் பிழைப்பு என்ன? வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். நடையில் அந்த அம்மா முனகினார். "தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?"

ஸ்ட்ரெச்சரை வார்டுக்குள் தள்ளினேன்.

"மச்சான், ஒன்பது ஆயிடுச்சு!" மைத்துனன் கத்தினான்.

பதினாலின் பட்டனை அமுக்கினேன். மேசைத் திரையில் பத்து என்று மாறியது. பேராசிரியர் திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு என்னை.

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது வாரத்துல இருந்து சார்."

பெரியக்கா எழுந்தார். "நான்தான் சொன்னேன். என் பேரை எழுதிக்குங்க."

பேராசிரியர் எழுதவில்லை. "அப்ப என் கணக்கு எதையும் கண்டுபிடிக்கல. நீங்க என் பேச்சைக் கேட்டிருக்கீங்க, அவ்வளவுதான்."

போனை எடுத்துக் குழுத் தலைவரைக் கூப்பிட்டார். எங்கள் பெயர் வருமா என்று மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

"நாளைக்கு நான் வரல. என் கணக்கு தப்பு... இல்ல, இன்னைக்கு மட்டும் இல்ல, ஏழு மாசமும்." அந்தப் பக்கம் கத்துவது எங்களுக்கே கேட்டது. "யாரும் ஏமாத்தல. தாளை அவங்க கண்ணு முன்னால ஒட்டச் சொன்னது நான்."