பொருந்திய வீடியோக்கள்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ஒரு துணிக்கடைக்கு மேலே நான்காவது மாடியில் இருந்த ஒற்றையறை வீட்டில், மீன்தொட்டி வீடியோ ஒன்றுக்காக வந்த ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது.

நிராகரித்தவளை அக்கா வீட்டில் மெட்டுக்காரி என்று கூப்பிடுவார்கள். அத்தான் வைத்த பெயர். பாராட்டி வைத்தாரா, கிண்டலுக்கு வைத்தாரா என்பது இன்னும் தீராத வழக்கு. அவள் பாட்டு எழுதி, பாடி, பதிவு செய்து, வெளியிட்டு, அதில் வருவதை வைத்து வாடகை கொடுப்பவள். இவ்வளவுக்கும் ஒரே ஆள். ஒலிப்பதிவுக் கூடம் என்று அவள் சொல்வது துணி அலமாரியை. உள்ளே போர்வைகளை நான்கு பக்கமும் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை மாட்டி, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டு பாடுவாள். கோடையில் ஒரு பாட்டு முடிவதற்குள் தலைக்குக் குளித்த மாதிரி ஆகிவிடும்.

போன வருடம்வரை அவளுக்கு வேறு வேலை இருந்தது. காது பரிசோதனை நிலையத்தில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மெல்லிய சத்தங்களை அனுப்பி, "கேட்டா கையத் தூக்குங்க" என்று சொல்லும் வேலை. அதை விடும் தைரியத்தைக் கொடுத்தது 'மழைக்கு முன்' என்ற ஒரே பாட்டு. அதில் வார்த்தையே கிடையாது. முதலில் கொஞ்சம் மணிச்சத்தம், பிறகு அதன்மேல் அவளுடைய முனகல், கடைசிவரை அவ்வளவுதான்.

அந்தப் பாட்டைக் கேட்பவர்களால் வந்த பணம் கடுகளவு. அதிகம் வந்தது வேறு வழியில். அவளுடைய பாட்டுகளை எல்லாத் தளங்களிலும் ஏற்றிவிடும் விநியோக நிறுவனம் ஒரு வசதி வைத்திருந்தது. யாராவது தங்கள் வீடியோவில் அந்த இசையைப் போட்டால், இயந்திரம் அதைக் காதால் பிடிப்பதுபோல் பிடித்து, அந்த வீடியோவின் விளம்பர வருமானத்தைக் கோரிக்கை போட்டுப் பாட்டுக்காரிக்குத் திருப்பிவிடும். 'மழைக்கு முன்' வெளியான இரண்டாம் மாதத்திலிருந்து பொருந்திய வீடியோக்கள் என்ற பட்டியல் நீண்டுகொண்டே போனது.

பணத்தைவிட அந்தப் பட்டியல்தான் அவளுக்குத் துணை. சாப்பிடும்போது அதைத் திறந்துவைத்துக்கொள்வாள். துணி மடிக்கும் ஒரு பெண், எப்போதும் காலுறையைக் கடைசியாக வைப்பவள். தூங்கும் குழந்தையைப் படம் பிடிக்கும் ஒரு அப்பா. ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து தண்டவாளத்தைக் காட்டிக்கொண்டே போகும் ஒருவர். மீன்தொட்டி விற்கும் கடைக்காரர் ஒருவர். அவருடைய விரல் மட்டும்தான் தெரியும், ஒவ்வொரு மீனையும் முறைவைத்து அறிமுகப்படுத்தும். எல்லாவற்றையும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். தன் குரல் வெளியிலிருந்து வந்தால் அவளுக்கு உடம்பு கூசும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அதனால் என்ன? இவர்கள் வீடுகளில் தன் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?

ஆகவே மீன்தொட்டிக்காரர் 'இது என் இசை' என்று ஆட்சேபம் அனுப்பியபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்துபோகும் ஆள் செம்பைத் தூக்கிக்கொண்டு போனதுபோல. 'கோரிக்கை சரியே' என்ற பொத்தானை அழுத்தினாள்.

அன்று மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"ஏய் மெட்டுக்காரி, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"நாலு நாளா ஒரு சத்தமும் இல்ல. உங்க அத்தான், அலமாரிக்குள்ளயே பூட்டிக்கிட்டாளோன்னு கேக்கறாரு."

"சாவி வெளியிலதான் இருக்குன்னு சொல்லு."

"சிரிப்புக்குச் சொல்லலடி. யார்கிட்டயாவது பேசறியா? மனுஷங்ககிட்ட?"

"பேசறேனே, இப்ப."

"நான் கணக்குல வர மாட்டேன். நான் பேசற ஆளு, நீ கேக்கற ஆளு." அக்கா பெருமூச்சு விட்டாள். "சின்னவளுக்குக் காய்ச்சல், வைக்கறேன். சாப்புடு."

அடுத்த நாள் மீன்தொட்டிக்காரரிடமிருந்து நேரடியாகவே ஒரு செய்தி வந்தது. 'அம்மா, நீங்கள் யாரென்று தெரியாது. மூன்று மாதமாக என் வீடியோவில் வரும் காசு உங்களுக்குப் போகிறது. என் மெட்டை என் கடையில் உட்கார்ந்து நானே போட்டேன். கேஸ் போடும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. பேச வேண்டுமென்றால் நம்பர் கீழே.'

இப்படி நம்பர் கொடுத்து யாரும் எழுதியதில்லை. பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த விரலுக்குச் சொந்தக்காரர் எப்படிப் பேசுவார் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது என்பதை அவள் மறுக்கமாட்டாள். கூப்பிட்டு, தன் பாட்டின் பெயரைச் சொன்னாள்.

"யாரு, பாட்டம்மாவா? சொல்லுங்க." பின்னால் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம்.

"உங்க வீடியோ எல்லாம் நான் பாத்திருக்கேங்க. அந்தக் கறுப்பு வாலு மீனு, தொட்டி மாத்தின பிறகு சரியாச்சா?"

"சரியாச்சு. நீங்க என் காசையும் எடுத்துக்கிட்டு மீனையும் விசாரிக்கறீங்க. நல்லாருக்கு."

"கோவிச்சுக்காதீங்க. அது என் பாட்டு. அதனாலதான் மிஷின் பிடிச்சிருக்கு. என் பாட்டப் போட்டதுல எனக்குச் சந்தோஷந்தான், ஆனா உங்க பாட்டுன்னு சொல்றீங்களே..."

"அம்மா, உங்க பாட்டுல என்ன இருக்கு?"

"நான் பாடறேன்."

"என் வீடியோவுல யாராவது பாடறாங்களா?"

அவள் கணினியில் அந்த வீடியோவைத் தேடத் தொடங்கினாள்.

"கேட்டுப் பாத்தீங்களா, கேக்காமலே சரின்னு அழுத்தினீங்களா? இருங்க, போடறேன்." ஏதோ உருட்டும் சத்தம். பிறகு போனில் மணிகள் கேட்டன. அவளுடைய மணிகள். அதே இறக்கம், மூன்றாவது மணியில் அதே சின்னத் தடுமாற்றம். அதற்குமேல் ஒரு புல்லாங்குழல் போன்ற ஒன்று, போன் திரையில் விரலால் தட்டி வாசித்தது, சுமாராக, அங்கங்கே பிசகி வந்தது.

"குழல் நான் வாசிச்சது. மணி லூப்பு. காசு குடுத்து வாங்கின மூட்டையில இருந்தது. நீங்க எங்க வாங்கினீங்க?"

"பேசறேங்க அப்புறம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

லூப் என்பது தயாராக வெட்டி விற்கப்படும் ஒலித்துணுக்கு. நூறு இருநூறு துணுக்குகளை ஒரு மூட்டையாக விற்பார்கள். வாங்கியவர் யார் வேண்டுமானாலும் தன் பாட்டில் வைத்துக்கொள்ளலாம். யாரும் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாட முடியாது. அவளும் வாங்கியிருந்தாள், நான்கு வருடத்துக்கு முன்னால். கணினியில் பாட்டின் மூலக்கோப்பைத் திறந்தாள். மேல்வரிசையில் அந்தத் துணுக்கு, மூட்டையின் பெயரோடு, மாற்றப்படாமல் அப்படியே கிடந்தது. அதன்மேல் எத்தனையோ நாள் முனகி முனகி மெட்டைத் தேடியதில், மணியும் தன் தொண்டையிலிருந்து வந்ததாகவே அவளுக்கு ஆகிப்போயிருந்தது. பாட்டை ஏற்றும்போது நிறுவனம் கேட்டிருந்தது: 'இதிலுள்ள எல்லா ஒலியும் உங்களுக்கு மட்டுமே உரியதா?' எல்லோரையும் போலவே அவளும் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போயிருந்தாள்.

தன் குரல் இருந்த வரிசையை அணைத்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டாள். மீன்தொட்டிக்காரர் சொன்னது சரி. மீதி இருந்தது யாருடையதாகவும் இருக்கலாம்.

பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டியலை மேலிருந்து தொடங்கினாள். இந்த முறை சத்தத்தோடு.

துணி மடிக்கும் பெண்ணின் வீடியோவில் மணிகளோடு கித்தார் வந்தது. தூங்கும் குழந்தைக்கு மணிகளோடு யாரோ ஒருவர் பியானோ வாசித்திருந்தார். ரயில்காரர் மணிகளை வேகமாக ஓட்டி, அடியில் தாளம் கட்டியிருந்தார். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. யாரும் அவள் பாட்டைக் கேட்டிருக்கவில்லை. அப்படி ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தங்கள் வருமானத்தை வழிமறித்தவள் என்று மட்டும் தெரிந்திருக்கும். இயந்திரம் பிடித்ததெல்லாம் மணியை. அவளுடைய குரலை அது சட்டை செய்யவே இல்லை.

பட்டியலின் அடிப்பாகத்தில், மூடிய கடைகளைப் படம் எடுத்த யாரோ ஒருவரின் வீடியோவில் அவள் முனகல் வந்தது. உடம்பு கூசியது. ஆனால் கழற்றவில்லை, கடைசிவரை கேட்டாள். அப்படி இன்னும் சில இருந்தன. விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சாயங்காலம் விநியோக நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். நீண்ட நேரம் இசை ஓடிய பிறகு ஒரு பெண் எடுத்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"லூப் இருக்கற பாட்ட, மிஷின் பாத்துப் பிடிக்கற அடையாளப் பட்டியல்ல போட்டிருக்கக் கூடாதுங்க, மேடம். நிபந்தனையில இருக்கு."

"இப்பத்தான் தெரிஞ்சுது. என்ன செய்யணும்?"

"நீங்களா வந்து எல்லாக் கோரிக்கையையும் விட்டுக்குடுத்தா, அந்தப் பாட்ட மட்டும் பட்டியல்லேருந்து எடுப்போம். உங்களுக்கு இன்னும் குடுக்காம நிக்கற காசு அவங்கவங்களுக்குத் திரும்பும். வேற யாராவது புகார் குடுத்து நாங்க கண்டுபிடிச்சா, உங்க கணக்கையே மூடுவோம். எல்லாப் பாட்டும் இறங்கிடும்."

"யாரும் புகார் குடுக்கலன்னா?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அத என்கிட்ட கேக்காதீங்க மேடம். இந்த போன் ரெக்கார்டாகுது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான்.

அக்காவிடம் சொன்னபோது மறுமுனையில் பாத்திரம் விளக்கும் சத்தம் நின்றது.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு இத்தன நாள் பரிமாறிட்டிருந்தியா?"

"தெரியாதுக்கா."

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் காது கேக்குதான்னு பாத்தவ நீ!" சொன்ன பிறகு அக்காவுக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். "சரி விடு. வாடகைக்கு என்ன செய்வ? இங்க வந்துடேன். சின்னவ ரூம்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம்."

"அலமாரி?"

"அலமாரியில துணி இருக்குடி. வீடுன்னா அலமாரியில துணிதான் இருக்கும்."

"காசு போறது பெரிசில்லக்கா." "அவங்க எல்லாரும் என் பாட்டக் கேக்கறாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நான் கேக்கறேனே" என்றாள் அக்கா.

"நீ எப்பக் கேட்ட?"

"ஒரு தடவ கேட்டேன்." பொய் சொல்லத் தெரியாதவள்.

மறுநாள் உட்கார்ந்து கோரிக்கைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தாள். மொத்தமாகச் செய்யும் பொத்தான் இல்லை. ஒவ்வொரு பெயர்மீதும் அழுத்தி, 'உறுதியாகவா?' என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்ல வேண்டும். துணி மடிப்பவளும் ரயில்காரரும் குழந்தையின் அப்பாவும் ஒருவர்பின் ஒருவராகப் பட்டியலிலிருந்து இறங்கிப் போனார்கள். சாயங்காலம் மீன்தொட்டிக்காரருக்குச் செய்தி அனுப்பினாள், மன்னிப்புக் கேட்டாள். அவரே போன் செய்தார்.

"பெரிய மனசும்மா. சும்மா சொல்லக் கூடாது, பாதிப் பேரு பதிலே போட மாட்டாங்க. உங்க பாட்டையும் தேடிக் கேட்டேன். நல்லா இருக்கு."

"வேணும்னா உங்க வீடியோவுல போட்டுக்குங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"அய்யோ, வேணாம்மா. மனுஷக் குரல் வந்தா பாக்கறவங்களுக்கு மீன் மேல கண்ணு போகாது. வியாபாரமாச்சே." கடையில் யாரோ கூப்பிட்டார்கள். "வரட்டுமா? அந்தக் கறுப்பு வாலு நேத்துதான் வித்துப்போச்சு."

அவள் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்யத் தொடங்கினாள். மணிக்குப் பதிலாகக் கண்ணாடித் தம்ளர்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி, பென்சிலின் பின்பக்கத்தால் தட்டினாள். அலமாரிக்குள் தம்ளர் வைக்க இடம் இல்லாததால் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து செய்தாள். கீழே துணிக்கடை ஷட்டரை இறக்கும்போதெல்லாம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. தட்டியதையும் பாடியதையும் தனித்தனிக் கோப்புகளாக, தேதி போட்டு, இரண்டு இடங்களில் சேமித்துவைத்தாள். இனி யார் கேட்டாலும் ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியும். பழைய முனகலையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, வேண்டாமென்று அதையும் புதிதாகப் பாடினாள். இந்த முறை பாடியதை ஸ்பீக்கரில் போட்டு முழுவதும் கேட்டாள். கடைசியில் குரல் கொஞ்சம் கரகரத்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

புதிய பதிவு மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வெளியானது. நிறுவனம் கோப்புகளைச் சரிபார்த்து, அதை அடையாளப் பட்டியலில் சேர்க்க ஒப்புக்கொண்டது. முதல் மாதத்தில் எந்த வீடியோவும் பொருந்தவில்லை.