இடப்பக்கப் பேனல்

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. செயற்கைக்கோளை லாரியில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பிரிவின் தலைவரும் வரிசையாக "ரெடி" என்று சொல்ல வேண்டும். கடைசியில் திட்ட மேலாளர் சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வண்டி நகராது. விதி அப்படி இருந்தும் மறுத்தவர் ஒருவரும் இல்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது?

அன்று மேலாளர் கட்டினாள். "நான் ரெடி இல்ல."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "கீழ லாரி நிக்குது. எல்லாரும் சொல்லியாச்சு. உங்களுக்கு மட்டும் என்னம்மா?"

"குலுக்கிப் பாத்ததுக்கப்புறம் சோலார் பேனல நாம திறந்தே பாக்கல சார்."

உண்மைதான். ராக்கெட்டின் அதிர்வைத் தாங்குமா என்று செயற்கைக்கோளை மேடையில் ஏற்றிக் குலுக்கியதில் நாட்கள் ஓடிவிட்டன. அதைச் சரிக்கட்ட, குலுக்கிய பிறகு பேனல் விரிகிறதா என்று பார்க்கும் சோதனையை இயக்குநர் வெட்டிவிட்டார். முன்பு விரிந்ததுதானே, இனியும் விரியும் என்று ஒரு சமாதானம். அவள் அன்றே கத்தினாள். பேனல் பிரிவின் தலைவனோ வாயை மூடிக்கொண்டு தலையாட்டினான். அவன் வேறு யாருமல்ல, அவளுடைய சொந்தக் கொழுந்தன்.

"மேல போய் விரியலைன்னா ஏணி வெச்சா ஏறுவீங்க? கண்கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரமா?" என்றாள்.

இயக்குநர் பேரத்துக்கு வந்தார். "சரி, ரெண்டு பேனல்ல வலது பக்கத்த மட்டும் திறங்க. அதோட முடிஞ்சுது."

தூசி புகாத அறையில் வெள்ளை அங்கியும் முகமூடியுமாக எல்லாரும் கூடினார்கள். பேனலின் எடையை மேலிருந்து கம்பியால் தாங்கிக்கொண்டு பூட்டை விடுவித்தார்கள். மடிப்பு மடிப்பாக, ஒரு முனகல்கூட இல்லாமல், அது அழகாக விரிந்து நின்றது. அவளுக்கு முகம் எரிந்தது. சனியன், கொஞ்சம் சிக்கித் தொலைந்திருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றியது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? வெட்டி பயம்."

"பயம் இல்ல சார். இதுவரைக்கும் நம்பிக்கிட்டிருந்தோம், இப்பத் தெரியும். இடது பக்கத்த இன்னும் நம்பிக்கிட்டுத்தான் இருக்கோம். அதையும் திறங்க."

"ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா!"

"ரெட்டைப் பிள்ளையில ஒண்ணுக்குக் காய்ச்சல் இல்லைன்னா இன்னொண்ணத் தொட்டே பாக்க மாட்டீங்களா?"

ஒரு முகமூடிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுதான் இயக்குநருக்குப் பொறுக்கவில்லை. அந்த இடத்திலேயே அவளை நீக்கினார். கொழுந்தனைப் பார்த்து, "தம்பி, இனிமே நீங்கதான் மேலாளர்" என்றார்.

"பதவிதானே, எடுத்துக்குங்க. சொன்ன சொல்ல மட்டும் திருப்பி வாங்க மாட்டேன்," என்றாள் அவள். இத்தனை வருட உழைப்பு, ஒரு வாக்கியத்தில் போயிற்று. இருந்தாலும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாரோடும் கூட்ட அறைக்கு வந்து சுவரோரம் நின்றாள்.

கொழுந்தன் அருகில் வந்து கிசுகிசுத்தான். "அண்ணி, இப்ப நான் என்ன பண்றது?"

"வீட்டுலதான் நான் அண்ணி. இங்க உன் வாய், உன் சொல்லு."

அவன் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். மறுபடி வரிசை தொடங்கியது. ரெடி, ரெடி, ரெடி. அவன் முறை வந்தது.

"நான் ரெடி இல்ல சார். இடது பக்கத்தத் திறக்காம வண்டி நகராது."

இயக்குநர் எழுந்தார். அடுத்து யாரை அங்கே உட்கார வைக்கலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் அந்த நாற்காலிப் பக்கம் அசையவில்லை.