இலை கொட்டிய மரத்தடியில் இரண்டு நிழல்

செலண்டாருக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்துத் துரைசானிக்குக் குளிர்காலம் வேண்டுமாம். மலாக்காவில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? ஆனால் 1951 மாசியில் ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டி வெறுங்கிளையாக நின்றபோது, தன் ஊரைப் பார்த்த மாதிரியே இருக்கிறது என்று அவளுக்கு ஏக்கம் வந்துவிட்டது. அதைப் படம் பிடித்துத் தன் அம்மாவுக்கு அனுப்ப என்னை வரவழைத்தாள். நான் தங்கராஜு. புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே போட்டோ கடை வைத்திருந்தேன். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் பொழுது சாய்ந்தால் சாலையில் தலைகாட்ட முடியாது என்பதால், பங்களாவுக்குப் பின்னால் இருந்த விருந்தாளி வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பெரியநாயகி அங்கே இருப்பாள் என்று தெரிந்துதான் போனேன்.

எல்லோருக்கும் அடையாளக் கார்டு வந்த சமயத்தில், அந்தத் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தவன் நான். பெட்டிக் கேமராவின் கண்ணாடியில் எல்லா முகமும் தலைகீழாகத்தான் தெரியும். அப்படித் தலைகீழாகப் பார்த்தே ஒரு முகத்தில் மனத்தைப் பறிகொடுத்தேன். யார் வீட்டுப் பெண் என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டேன். "அது வீரமுத்து பொஞ்சாதி. போன மாசந்தான் கோயில்ல தாலி கட்டுனான்" என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கே எட்டவில்லை.

அடுத்த வருஷம், தொழிற்சங்கத்தில் பேசினான் என்று வீரமுத்துவைப் பிடித்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அவன் இனி இந்தப் பக்கம் வர முடியாது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றிப் போட்ட முள்கம்பி வேலிக்குள் அவள் தனியாக இருந்தாள்.

இலை கொட்டினால் பால் வற்றும், பட்டையைக் கீறிப் பால் வெட்டும் வேலை நின்றுவிடும். அதனால் பெண்களைப் பங்களா வாசல் கூட்ட அனுப்பியிருந்தார்கள். துரைசானியோ, படத்துக்குச் சருகு வேண்டுமென்று, "ஜங்கான் சாப்பு" என்று மலாயில் தடுத்தாள். கூட்டாமல் இருக்கக் கூலி கொடுத்தது உலகத்திலேயே அந்தத் தோட்டம்தான். விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு பெரியநாயகி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஒரு ஒத்தாச செய்யணும்."

அந்த அண்ணே எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லு என்றேன்.

"கப்பல்ல வந்தவங்க சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரோட அம்மா அவருக்கு அத்த மகளப் பேசிட்டு இருக்காங்களாம். எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு அவரு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்களாம். படம் இருந்தா காட்டுன்றாங்களாம். நாங்க சேந்து ஒரு படங்கூட எடுத்துக்கலண்ணே. அவங்க நம்பிக் கூப்டுட்டா நான் போய்ச் சேந்துருவேன்."

"அவன் அங்க, நீ இங்க. எப்படிம்மா எடுக்கறது?"

"கடையில தல மாத்தி ஒட்டுவீங்களாமே. அவரு தல உங்ககிட்டதானே இருக்கு லா."

இருந்தது. அடையாளக் கார்டுக்கு எடுத்த பிலிம், கழுத்து வரைக்கும். "தலைக்கு உடம்பு வேணுமே" என்றேன்.

"லயத்து ஆளு யாராச்சும் நின்னா பேச்சாயிரும். நீங்க படக்காரரு, உங்கள யாரு என்ன சொல்லப் போறா? ஒசரமும் அவரு ஒசரந்தான்."

ஒரு வெள்ளைச் சட்டையை நீட்டினாள். வீரமுத்துவின் சட்டை.

மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கேமராவைச் சரிசெய்து கொடுத்தேன். துரைசானி விசையைப் பிடித்தாள். "டெக்கட், டெக்கட்" என்று பக்கத்தில் வரச் சொன்னாள். வாசலில் இருந்த ரப்பர் மரத்தடியில் பெரியநாயகி என்னை நெருங்கி நின்றாள். அவள் முழங்கை என் கையில் பட்டது. அந்த விசை அமுங்கவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். மற்ற மாதங்களில் அந்த மரத்தடியில் வெயிலே இறங்காது. அன்று தரை முழுக்க வெயில். சருகின்மேல் எங்கள் நிழல் இரண்டும் ஒட்டிக் கிடந்தன.

கடைக்கு வந்து பிளேடால் என் தலையை வெட்டியெடுத்தேன். வீரமுத்துவின் தலையை ஒட்டி, திரும்பவும் படமாக்கினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அவன் ஒட்ட வெட்டிய கிராப்புக்காரன். தரையில் கிடந்த நிழலுக்கோ என் சுருட்டை முடி. தூரிகையால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். தூரிகையை எடுத்தேன். மனசு வரவில்லை, வைத்துவிட்டேன்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் வெகுநேரம் பார்த்தாள். விரல் புருஷன் முகத்திலிருந்து இறங்கி, தரையில் அந்தச் சுருட்டை முடியில் வந்து நின்றது.

"வேணும்னா அழிச்சுத் தரேன்" என்றேன்.

"இருக்கட்டும்ணே. நெழல யாரு பாக்கப் போறா." பிறகு நிமிராமலே சொன்னாள். "ஒட்டாத படம் ஒண்ணு இருக்குமே. அத மட்டும் எரிச்சிருங்க."

எரித்துவிட்டேன். பிலிமையும் சேர்த்து.

மாமியார் நம்பிவிட்டாள். அடுத்த மாசி வருவதற்குள் பெரியநாயகி கப்பலேறிப் போய்விட்டாள். அவள் பக்கத்தில் நான் நிற்கும் ஒரே படம், நாகப்பட்டினத்துப் பக்கம் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.