கோலார் ஆபீசரின் அண்ணன்

கோலார் தங்கச் சுரங்கத்தில் தன் தம்பி லாசர் ஆபீசர் என்று சாந்தோம் முழுக்க அளந்துவிட்டிருந்தார் ஆரோக்கியநாதன் வாத்தியார். "அந்தப் பழைய சுரங்கத்த ஒருநாள் குடும்பத்தோட பாத்துட்டு வரலாமே" என்று ஹெட்மாஸ்டர் பவுல்சாமி ஒரே பிடியாய் நின்றதால், தம்பிக்குச் சொல்லாமலே இரண்டு குடும்பமும் ரயிலேறின.

சுரங்க வாசலருகே புளிச்சோற்றைப் பிரித்தார்கள். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று காவலாளி சோதித்துக்கொண்டிருந்தான். வாயை 'ஆ'வென்று திறந்து நின்ற கூலிக்காரன் ஒருவன் இவர்களைப் பார்த்ததும் சிரித்தான்.

"நைனா, சித்தப்பா!" என்று காதைக் கடித்தாள் மகள் ஆலிஸ்.

"சும்மா இரு. அது வேற யாரோ."

"ஆபீசர் தம்பிய இன்னும் காணோமே?" என்று உரக்கக் கேட்டார் பவுல்சாமி. லாசரின் சிரிப்பு அணைந்தது.

சாயங்காலம் ரயில் புறப்படும் நேரத்துக்கு, குளித்து வெள்ளைச் சட்டை போட்டு லாசர் ஓடிவந்தான். ஜன்னல் வழியே ஆலிஸ் மடியில் மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்தான்.

"ஆபீசர் ஐயா லீவுல கீறாருங்க. அண்ணன் குடும்பத்துக்கு இத குடுக்கச் சொன்னாரு. நான் அவரு வீட்டு வேலக்காரன்."



"இனாம் ஏதாச்சும் குடுங்க, வாத்தியாரே" என்றார் பவுல்சாமி.

ஆரோக்கியநாதனின் கை சட்டைப்பைக்குள் போய்க் காசோடு வந்தது. தம்பி குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.