நாற்பத்தொரு புள்ளிகள்

புதுப் போன் அல்போன்ஸின் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டைவிரலை மூன்று தரம் வைத்துப் பார்த்தார். மூன்று தரமும் சின்னதாக அதிர்ந்து மாட்டேன் என்றது. முப்பது வருடமாகத் தூண்டில் தங்கூசி இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த விரல். கடைசியில் மகள் சொல்லிக்கொடுத்தபடி முகத்தைக் காட்டினார், திறந்துகொண்டது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஹேவ்லாக் தீவுக் கப்பலுக்குக் காத்து நின்றவர்களைத் தாண்டி அவருடைய டிங்கிப் படகு வெளிக்கடலுக்கு வந்திருந்தது. காலை வெயில் நேராகத் திரையில் விழுந்தும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பழைய போனில் மூலையிலிருந்து கறுப்பாக ஒரு கறை பரவி ரட்லாண்டு தீவில் பாதியை விழுங்கியிருந்தது. இதில் தீவு முழுசாக இருந்தது. அதைச் சுற்றி நீலக் கடல். நீலத்தில் சிவப்பாக நாற்பத்தொரு புள்ளிகள். அவர் ஆளில்லாத கடலைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்றைத் தவிர ஒவ்வொரு புள்ளியும் கடலுக்கடியில் ஒரு பார். மேலே பார்த்தால் வெறும் தண்ணீர். கீழே பாறை, பாறையில் களவாயும் விளமீனும். ஒரு பாரைக் கண்டுபிடிக்க நாள்கணக்காக டீசலை எரித்து, வெறும் தூண்டிலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, வாய்க்கு வந்தபடி கடலைத் திட்டவேண்டும். கண்டுபிடித்த அன்று என்ன நடந்ததோ அதையே பேராகப் போட்டுவைப்பார். ஊமைப்பார், நங்கூரம் போன எடம், கிரேசிக்கு ஆப்பரேசன், டிப்போ நாய். கூட ஆள் ஏற்றமாட்டார். தூரத்தில் வேறு டிங்கி தெரிந்தால் மீன் கடித்துக்கொண்டிருக்கும்போதே நங்கூரத்தைத் தூக்கிவிட்டு, சும்மா போகிறவன் போலப் போய்விடுவார். அவர் குடியிருக்கும் ஜங்லிகாட்டில் அவருக்குக் 'கஞ்சன் அல்போன்ஸ்' என்று பேர். அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

போனை வாங்கிக்கொடுத்தது மகள் சோபியா. கப்பல் டிக்கெட் கவுன்டரில் கான்ட்ராக்ட் வேலை. புருஷன் ஜெனிஷோடு லம்பா லைனில் வாடகை வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அட்டைப்பெட்டியோடு வந்தவள், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள்.

"பழைய போன்ல எல்லாம் அதுக்குள்ளயே கெடந்துச்சுப்பா. அது செத்தா அவ்வளவும் போச்சு. இதுல அக்கவுண்ட் போட்டு ஏத்திட்டேன். இனிமே எங்கயும் போகாது. டென்ஷன் நஹி."

அவர் புள்ளிகளை ஒருதரம் எண்ணிப் பார்த்தார். அந்த நேரத்தில் மனைவி கிரேசி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் ஊமைப்பாரின் மேல் ஒரு நீல டிங்கி நின்றது. கிட்டே போனால் ஜெனிஷ். ஹேவ்லாக்கில் ரிசார்ட் படகு ஓட்டிக்கொண்டிருந்தவன், ஆறு மாதத்துக்கு முன் அதை விட்டுவிட்டுச் சொந்த டிங்கி வாங்கினான். பாதி நாள் ஐஸ் பெட்டியைக் காலியாகவே கொண்டுவருவான். ஒருநாள் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாமா, ஒரு ரெண்டு எடம் மட்டும் சொல்லுங்க, போதும்" என்று கேட்டான். "கடல் பெருசுல்லா மருமவனே, தேடிப் பாரும்" என்று சொல்லி அல்போன்ஸ் சிரித்தார். அவன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தான்.

இப்போது அவன் கையைத் தூக்கி, "நல்லா கெடைக்குது மாமா" என்றான். அவர் டிங்கியைத் திருப்பினார். தற்செயல்தான் என்று நினைத்துக்கொண்டார்; கடல் பெரிதுதானே. மறுநாள் 'நங்கூரம் போன எடத்தில்' அதே நீலம். சனிக்கிழமை காலை டீசல் ஊற்றிக்கொண்டே போனைத் திறந்தபோது, ரட்லாண்டுக்குக் கிழக்கே அவர் வைக்காத ஒரு புள்ளி இருந்தது. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக்கூட்டி வாசித்தார். ஜெனிஷ் ஒன்று. பக்கத்தில் ஜெனிஷ் இரண்டு.

அன்று கடலுக்குப் போகவில்லை. பதினொரு மணிக்கு லம்பா லைன் வீட்டு வாசலில் நின்றார். சோபியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போனை அவள் முன்னால் நீட்டினார். அவள் பார்த்தாள். பொய் சொல்லவில்லை.

"அவரு போன்லயும் அதே அக்கவுண்ட்தாம்ப்பா. நாந்தான் போட்டுக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா மக்ளே?"

"அவரு கேட்டாருல்ல? தட்டு முன்னாடி உக்காந்து கேட்டாரு. நீங்க சிரிச்சீங்க."

மேலே விமானம் ஒன்று தாழ்வாக இறங்கியது. அந்தச் சத்தம் அடங்கியதும் அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"அப்ப போன் வாங்கித் தந்தது இதுக்குத்தானா?"

"பாதி இதுக்கு." ஈரத் துணியை உதறினாள். "பாதி நெசமாவே உங்களுக்குத்தான். பழசுல உங்களுக்குக் கண்ணு தெரியாம கஷ்டப்பட்டீங்க."

"ஒங்கம்மைக்குத் தெரியுமா?"

கிளிப்பை ஒவ்வொன்றாகத் துணியில் மாட்டினாள். பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "ஒவ்வொண்ணா எங்கையாலதான் ஏத்துனேம்ப்பா. மீன் டிப்போ வாசல்ல கெடக்குமே, அந்த நாய் பேர்ல கூட ஒரு பார் இருக்கு. நாப்பத்தொண்ணுல எம்பேரு எங்கயும் இல்ல."

பேர் யோசித்து வைத்ததில்லை, அன்றன்றைக்கு வாயில் வந்தது என்று சொல்ல நினைத்தார். அதைச் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும் என்று தோன்றியது. டீ குடிக்கிறீர்களா என்று அவள் கேட்பதற்குள் தெருவுக்கு வந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகாமல் ஜங்லிகாட்டில் கட்டிக்கிடந்த டிங்கியில் ஏறி உட்கார்ந்தார். நீர் வற்றியிருந்தது, டிங்கி சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. போனைத் திறந்து ஊமைப்பாரைத் தொட்டார். நீக்கவா என்று கேட்டது. ஆம். சிவப்பு போனது; ஜெனிஷ் போனிலும் போயிருக்கும். அடுத்தது. ஒரு பதினைந்து இடத்துக்கு, எந்த மலை எந்த மரத்துக்கு நேரே வந்தால் நங்கூரம் போடவேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். மற்றவையெல்லாம் போன் வந்தபிறகு கண்டவை. போனுக்கு மட்டும்தான் தெரியும். ஜெனிஷ் இந்நேரம் வேறெங்காவது எழுதிவைத்திருக்கலாம். அப்படியானால் இழப்பது தான் மட்டும்தான் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. முள்ளில் மாட்டிய மீன் தன் வாயைத் தானே கிழித்துக்கொள்வதுபோல ஒன்றொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஜெனிஷ் ஒன்றும் இரண்டும் கூடப் போயின. கிரேசிக்கு ஆப்பரேசன், ஆம். டிப்போ நாய், ஆம்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. அது மீனுக்கு வைத்த புள்ளி இல்லை. ரட்லாண்டின் தெற்கு வாய்க்காலில் பாதி நீரில் மறைந்து நிற்கும் ஒரு கல். ஒன்பது வருடத்துக்கு முன் அவருடைய முந்தைய டிங்கி அதில் மோதித்தான் பிளந்தது. மண்ணெண்ணெய் கேனைக் கட்டிப்பிடித்து நான்கு மணி நேரம் மிதந்தார். தனக்குத்தானே எச்சரிக்கையாக அதில் எழுதிவைத்திருந்தார்: 'கல்லு. கிட்ட வராதே.'

நீக்கவா என்று கேட்டது.

நீர் வற்றுகிற நேரம். ஜெனிஷ் இப்போது கடலில்தான் இருப்பான். மீன் கிடைத்த குஷியில் அந்த வாய்க்கால் வழியாகக் குறுக்கே வரவும் கூடும். அல்போன்ஸ் விரலைத் தூக்கியபடியே வெகுநேரம் இருந்தார். சேற்றில் நண்டுகள் வந்து, அவர் அசைந்ததும் வளைக்குள் போய், மறுபடி வந்தன. பிறகு 'வேண்டாம்' என்பதைத் தொட்டார்.

போன் அதிர்ந்தது. சோபியாவின் முகம் கடலை முழுக்க மறைத்துக்கொண்டு வந்தது. பெட்டி பிரித்த அன்று அவளே எடுத்து வைத்த படம், சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் எடுக்கவில்லை. பலகையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்து ஓய்ந்ததும் முகம் போய் நீலம் வந்தது. ஒரு இடம்கூட இல்லாத அத்தனை பெரிய கடலில் அந்த ஒற்றைச் சிவப்பும், அதன் பக்கத்தில் அவர் எழுதிய எழுத்தும்.